பங்களாவிலிருந்து வந்த நாய்

நாய் வளர்ப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் நம் தோட்டத்து வாசகருட் சிலர் நகைப்பர், சிலர் சினப்பர். முதுமையில் மனிதனுக்கே நிழலில்லாத இம்மலைகளில் நாயின் முதுமைக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பர். அக்கேள்வியை நாமும் நம்மிடமே பன்முறை கேட்டதுண்டு. அதற்கு விடை கண்டுவிட்டதாகச் சொல்ல நாம் வரவில்லை. நடந்தது இது.

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் நம் தந்தையார் பங்களா வேலையில் இருந்தார். தோட்ட வேலை, அரைப்பேர், கொந்தரப்பு எல்லாம் பார்த்து முடிந்தபின், நாய்களைக் கவனிக்கும் ஆளாகப் பங்களாவிற்கு மாற்றப்பட்டவர். அவ்வேலைக்கு மதிப்பான பெயரொன்றும் இல்லை. லயத்திலே அவரை ‘நாய்க்காரர்’ என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்திலே நம்மை ‘நாய்க்காரர் மகன்’ என்றார்கள். பல்கலைக்கழகத்திற் சங்க இலக்கியம் கற்றபோது வேட்டுவரின் ஞமலியும் ஞாளியும் வந்த இடங்களில் ஏனைய மாணவர் நிகண்டைப் புரட்டினர். நமக்கோ அப்பாவின் சட்டையிலிருந்து வந்த ஈர நாயின் வாடை நினைவுக்கு வந்தது.

2017இல் தோட்டத்துத் துரை மாற்றலாகிக் கொழும்புக்குப் போனார். அடுக்குமாடி வீட்டிற்குப் போகிறவருக்கு இரண்டு பெரிய வேட்டைநாய்களை உடன்கொண்டு போக இயலவில்லை. “அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறேன், அதுவரை பார்த்துக்கொள்” என்று சொல்லிப் போனார். ஆள் வரவில்லை. புதிய துரைக்கு நாய் பிடிக்காது. ஒரு மாலை அப்பா இரண்டையும் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, பங்களா மேட்டிலிருந்து இறங்கி, பிரட்டுக்களத்தைக் கடந்து, நம் இஸ்தோப்பில் கொண்டுவந்து கட்டினார். டியூக், ராணி என்பன அவற்றின் பெயர்கள். ஒரே ஈற்றில் பிறந்தவை. வயது ஆறு.

இரண்டும் கிரேஹவுண்ட் இனம் என்று துரை சொல்லியிருந்தார். கலப்பு இருந்திருக்கலாம்; நாம் அதை ஆராயவில்லை. ஒடுங்கிய முகம், வில் போல வளைந்த முதுகு, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. பார்ப்பவர்கள் “பட்டினி போடுகிறீர்களா சேர்?” என்று கேட்பார்கள். கொழுப்பே இல்லாத உடல் அதற்கு இயல்பு என்று விளக்கி விளக்கி அலுத்துப்போயிற்று. அம்மா மட்டும் வியப்படையவில்லை. அவருடைய பாட்டனார் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தச் சீமையிலே சிப்பிப்பாறை நாய் என்று ஒன்று உண்டு. அதுவும் இதே சாயல்தான், முயல் விரட்டுவதில் வல்லது. பாட்டனார் அதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருந்த அம்மா, டியூக்கைக் கண்டதும், “நம்ம ஊரு நாய்தான்டா இது, வெள்ளைக்காரன் பேரு வச்சிருக்கான்” என்றார். பெயரையும் விட்டுவைக்கவில்லை. டியூக் ‘டீக்கு’ ஆயிற்று.

இம்மலைக்கு இத்தகைய நாய்கள் புதியவை அல்ல. தேயிலை வருமுன்பே, 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், ஒரு நாய்ப்படையையே வைத்து மரை வேட்டையாடினார். மோப்பம் பிடித்து விரட்ட ஒருவகை, பாய்ந்து பற்ற ஒருவகை என்று இனங்களைக் கலந்து வளர்த்தார். 1854இல் அவ்வேட்டைகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்குவது. அவருடைய நாய்களிற் பல காட்டுப்பன்றியாலும் சிறுத்தையாலும் கிழிபட்டு மடிந்தன. முதுமை என்பது அந்நாய்களுக்குப் பெரும்பாலும் வாய்க்காத ஒன்று. பின்னர் பந்தய உலகம் வந்தது. 1919இல் அமெரிக்காவிலும் 1926இல் மான்செஸ்டரிலும், இயந்திர முயலின் பின்னே இந்நாய்களை ஓடவிடும் திடல்கள் திறக்கப்பட்டன. மூன்று நான்கு ஆண்டுகள் ஓடும்; கால் தளர்ந்தால் அதன் கணக்கு முடிந்தது. 2018இல் மக்காவோவின் பந்தயத் திடல் மூடப்பட்டபோது 500க்கு மேற்பட்ட நாய்கள் எங்கே போவதென்று தெரியாமல் கூண்டுகளில் நின்றன. அவற்றுக்கு வீடு தேடித் தர விலங்குநல அன்பர்கள் பல நாடுகளில் அலைய நேர்ந்தது. உழைப்பு முடிந்தவனுக்கு இடமில்லை என்ற நியதி மனிதரிடத்தில் மட்டும் தோன்றியதன்று போலும்.

அப்பா 2018இல் இறந்தார். நெஞ்சு நோவு என்று இரவிற் சொன்னார். லொறி கிடைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய சேமலாப நிதிக்கான படிவங்களோடு நாம் அலைந்த கதை தனிக்கதை. இறப்பதற்குச் சில நாள் முன், “வாயில்லாத ஜீவன் தம்பி, ரெண்டையும் ரோட்டுல விட்றாத” என்று சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் அம்மா விட்டிருக்க மாட்டார். அதற்கு வேறு காரணம் உண்டு.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி நம்மவரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அம்மாவின் தாய்மாமன் குடும்பம் எழுபதுகளில் அவ்வாறு போயிற்று. ஹற்றன் நிலையத்தில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தட்டுமுட்டுச் சாமான்களோடு லொறி புறப்பட்டபோது மாமன் வீட்டு நாய் பின்னாலேயே ஓடியது. இரண்டு மைல், மூன்று மைல் ஓடியிருக்கும் என்பார் அம்மா. இரவு திரும்பி வந்து பூட்டிய காம்பராவின் வாசலிற் படுத்துக்கொண்டது. அம்மா சோறு வைத்தார்; உண்ணவில்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அது இறந்தது. மக்களைக் கணக்கிட்டுப் பங்கு பிரித்த அந்த உடன்படிக்கையைப் பற்றி நூல்கள் பல கற்றிருக்கிறோம். அம்மாவுக்கு அது அந்த நாய் படுத்திருந்த வாசற்படியாகவே இன்றும் இருக்கிறது.

இனி, பராமரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மைப் போல் அறியாமல் தொடங்குவோருக்கு இது பயன்படலாம்.

முதற் பகை குளிர். ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், ஆனி ஆடி மாதங்களின் தென்மேற்கு மழையில், மெல்லிய தோலும் குட்டை மயிருமுடைய நாய் படும்பாடு சொல்லுந் தரமன்று. பங்களாவிற் கணப்பு இருந்தது. லயத்தில் என்ன இருக்கிறது? அம்மா தம் பழைய கம்பளியை வெட்டி இரண்டு சட்டை தைத்தார். கொழுந்தெடுக்கையில் இடுப்பிற் சுற்றிய படங்கை மேலே வைத்துத் தைத்து, மழை இறங்காமற் செய்தார். முப்பத்தெட்டு ஆண்டு அவர் முதுகைக் காத்த கம்பளி அது.

இரண்டாவது, படுக்கை. எலும்பும் தோலுமான உடல் சீமெந்துத் தரையிற் படுத்தால் முழங்கையும் இடுப்பும் புண்ணாகும். சாக்கிலே உலர்ந்த மானாப்புல்லை அடைத்துப் பருமனாகப் போட்டோம். வாரத்துக்கொரு முறை புல்லை மாற்றாவிட்டால் உண்ணியும் தெள்ளும் குடியேறிவிடும். உண்ணி இந்நாட்டில் வெறும் தொல்லை அன்று. குருதியை அழிக்கும் காய்ச்சலைக் கொண்டுவருவது. ஈறு வெளிறுகிறதா, சிறுநீர் நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அப்பா நமக்குக் கற்பித்திருந்தார்.

அட்டையைப் பற்றி மலைநாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓடையில் நீர் குடிக்கையில் மூக்கினுள் ஏறிவிடும் அட்டை ஒன்றுண்டு. ஒருமுறை ராணி தும்மித் தும்மி மூக்கிலிருந்து குருதி சிந்தினாள். அப்பா அவளை ஒருநாள் முழுதும் நீரில்லாமல் வைத்து, மறுநாட் காலையில் வட்டிலில் தண்ணீரை வைத்து மூக்கினருகே பிடித்தார். தண்ணீர் நாடி அட்டை தலைநீட்டியது. துணியாற் பற்றி இழுத்துவிட்டார். இந்த வித்தையை எந்தத் துரையும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது என்பது நம் துணிபு.

மூன்றாவது, வைத்தியம். இவ்வினத்தின் உடற்கூறு வேறு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு வைத்தியசாலைக்கு டியூக்கைக் கொண்டுபோனபோது, குருதிச் சோதனையில் தட்டணுக்கள் குறைவாக இருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றே நாம் அஞ்சினோம். ஆனால் கிரேஹவுண்டுக்குத் தட்டணுக்கள் இயல்பாகவே குறைவு, செவ்வணுக்கள் மிகுதி, தைரொயிட் அளவும் தாழ்வு என்று இளம் வைத்தியர் ஒருவர் விளக்கினார். பொதுவான நாயின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நலமான நாயும் நோயாளியாகிவிடும். மயக்க மருந்துகளிலும் அப்படியே: சிலவகை இவ்வுடலில் நெடுநேரம் தங்கி ஆபத்தை விளைவிக்கும். பல் சுத்தம் செய்வதற்கு முன்பே இன்ன இனம் என்று சொல்லிவிட வேண்டும். பல்லோ இவற்றுக்கு விரைவிற் கெடும். நாம் காலந்தாழ்த்திப் போனதால் டியூக் ஏழு பற்களை இழந்தான்.

நோவென்றால் வீட்டிலுள்ள மாத்திரையைக் கொடுப்பது நம்மவர் வழக்கம். தோட்டத்து மருந்தறையில் எல்லா நோவுக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கண்டு பழகியவர் வேறென்ன செய்வர்? மனிதருக்குரிய இபுபுரோபென் முதலியன நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அண்டை வீட்டார் அன்போடு நீட்டியதை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். நாய்க்குக் கொடுக்கவில்லை, தம் முழங்காலுக்குத் தாமே விழுங்கினார்.

டியூக்கின் நொண்டலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல் ரோட்டில் நொண்டுவான்; புல்லில் இறங்கினால் ஓடுவான். பாசாங்கு என்றே நாம் எண்ணினோம். பாதத்தைத் திருப்பிப் பார்த்த அம்மாதான் கண்டுபிடித்தார்: “கால் ஆணிடா தம்பி. எனக்கு இருக்கிற மாதிரியே.” உண்மைதான், இவ்வினத்தின் பாதங்களில் ஆணி தோன்றுவது மிகுதி. வைத்தியர் அதைத் தோண்டி எடுத்தார். சில மாதங்களில் மீண்டும் வந்தது. பின்னர் பழைய சைக்கிள் குழாயை வெட்டிக் காலணி செய்தோம். அம்மாவின் ஆணிக்கு இன்றுவரை எவரும் எதுவும் செய்யவில்லை, நாம் உட்பட. அவர் கேட்கவுமில்லை.

2019இல் ராணி முன்காலை ஊன்ற மறுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே சிறு வீக்கம். சுளுக்கென்று பத்து நாள் எண்ணெய் பூசினோம். அது நம் தவறு. கதிர்ப்படத்தில் எலும்பு பூச்சி அரித்த மரம்போலத் தெரிந்தது. எலும்புப் புற்று. நெடுங்கால் நாய்களுக்கு, சிறப்பாக இவ்வினத்துக்கு, மிகுதியாக வருவது. காலை எடுத்துவிட்டால் நோவு தீரும், மூன்று காலில் நன்றாக நடப்பாள், ஆனால் நோய் பெரும்பாலும் ஏற்கெனவே நுரையீரலை எட்டியிருக்கும்; கிடைப்பது சில மாதங்கள் என்றார்கள். நாம் கணக்குப் போட்டோம். சம்பளம், கடன் தவணை, ஓட்டோக் கூலி. கணக்குப் போட்டதை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஊசிக்கு ஒப்பினோம். ராணியின் தலை நம் மடியில் இருந்தது. திரும்பும் வழியில் கம்பளையைத் தாண்டும்வரை ஓட்டோச் சாரதி ஒரு வார்த்தை பேசவில்லை. நாவலப்பிட்டியில் நிறுத்தி, நமக்குத் தேநீர் வாங்கித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டியூக் எஞ்சினான். 2022 வந்தது.

அவ்வாண்டை இந்நாட்டார் மறக்கமாட்டார். ஏப்ரலில் அரசு கடனைத் திருப்பித்தர இயலாதென்று அறிவித்தது. மருந்துக் கடைகளில் மனிதருக்குரிய மருந்தே இல்லை. கோதுமை மாவின் விலை ஏறியபோது, மூன்று வேளையும் றொட்டியால் வாழும் லயங்களில் அடுப்பு ஒருவேளையாயிற்று. தொழிலாளியின் நாட்கூலி 2021இல் பெரும் போராட்டத்தின் பின் கிடைத்த 1,000 ரூபாய். அதுவும் கொழுந்தின் நிறை காட்டினால். முட்டை ஒன்று 50 ரூபாயைத் தாண்டியது. டியூக்குக்கோ பல் இல்லை. மென்மையான உணவு, இருவேளையாகப் பிரித்து, கொடுத்தாக வேண்டும். நாள்தோறும் ஒரு முட்டையைச் சோற்றிற் பிசைந்து வைத்துவந்தோம்.

ஒருநாள் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தபோது நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் அருகில் நின்றார். மலையிலிருந்து நேரே வந்தவர், படங்கு ஈரமாயிருந்தது. அரைக் கிலோ மாவு கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் நம்மை நோக்கி, “டீக்குக்குத்தானே சேர்?” என்று சிரித்தபடி கேட்டுவிட்டார். அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. நம் கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு, “புள்ள நாளைக்கும் வரமாட்டான் சேர்” என்றார். அவன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வெறும் வயிற்றோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவன் அவன்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. பங்களா நாய்க்கு இறைச்சி வேக வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சைமிளகாயும் றொட்டியும் தின்ற அப்பாவின் நினைவு வந்தது. துரைமார் செய்ததையே நாமும் செய்கிறோமா? பல்கலைக்கழகம் போய், ஆசிரியப் பதவி பெற்று, சமத்துவம் பேசிக் கட்டுரை எழுதுகிறவர், ஏழைப் பிள்ளையின் கண்முன்னே நாய்க்கு முட்டை வாங்குகிறார். மறுபுறம், டியூக்கைப் பட்டினி போட்டால் அந்தப் பிள்ளையின் வயிறு நிறையுமா என்றொரு வாதமும் எழுந்தது. வாதம் சரியாகவே இருந்தது. ஆயினும் உறக்கம் வரவில்லை.

காலையில் அம்மா வழக்கறுத்தார். “அந்தப் பயல பின்னேரம் டீக்க நடத்த வரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில ஆக்குறேன்.” அவ்வாறே ஆயிற்று. முட்டை நின்றது, அல்லது, முட்டை வந்த நாளில் அது பையனுக்குப் போயிற்று. டியூக்குக் கஞ்சியும் பூசணிக்காயும் மீன் தலையைக் கரைய வேகவைத்த நீரும். இளைத்தான், சாகவில்லை. பையன் நாள்தோறும் வந்தான். முதல் வாரம் நாயை நடத்தியபின்பே உண்ண உட்கார்ந்தான். கூலி என்று எண்ணிக்கொண்டான் போலும். அந்த எண்ணத்தை நாம் குலைக்கவில்லை. டியூக் பழைய பங்களாப் பாதையில் ஏற முயல்வான்; பையன் அவனைத் தேயிலையினூடே புல் வழியாகத் திருப்பிக்கொண்டு வருவான்.

மறு ஆண்டு தையில் அவன் பள்ளியை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். வயது பதினாறு நிறைந்திருந்தது. தாய்க்குக் கடன் இருந்தது. நாம் தடுக்க முயன்றோம். முடியவில்லை. இதை நம் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு சோற்றுச் சட்டியால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

அதன்பின் டியூக்கின் பின்னங்கால்கள் தளர்ந்தன. குரைப்பு கரகரத்தது, குரல்நாண் தளர்வதால் முதிய கிரேஹவுண்டுகளுக்கு நேர்வது. வெயிலில் நடந்தால் மூச்சு இரைக்கும். ஆகவே அதிகாலையில் மட்டும் நடை. இடுப்பின் கீழே ஒரு துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து வெளியே கொண்டுபோவோம். கழுத்துப் பட்டையை நீக்கி மார்புப் பட்டை போட்டோம். இரவில் அவனால் எழ முடியாதபோது அம்மாதான் முதலில் எழுவார். அவருடைய முழங்காலும் மடங்காது. சுவரைப் பிடித்து அவர் எழும் ஒலியும், நகம் தரையைக் கீறி அவன் எழ முயலும் ஒலியும் ஒன்றாகக் கேட்கும். எது எவருடையதென்று இருளில் சில வேளை பிரித்தறிய முடியாது.

2023 கார்த்திகையில், ஒரு மழைநாள் விடியலில், தூக்கத்திலேயே போனான். பன்னிரண்டு வயது.

புதைக்க இடம் வேண்டும். நாம் வாழும் காம்பரா நமதன்று. வாசலில் நிற்கும் கொய்யாமரம் நம் பாட்டி நட்டது, ஆனால் அது நிற்கும் மண் நமதன்று. 200 ஆண்டு உழைப்பின் பின்னும் ஏழு பேர்ச் நிலத்துக்கு மனுக்கொடுத்துக் காத்திருப்போர் நாம். நாயைப் புதைக்கவும் தோட்டத்து அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ‘பங்களாவிலிருந்து 2017இல் விடப்பட்ட நாய்’ என்று அதிற் குறிப்பிட்டோம். கடிதத்தை வாங்கிய எழுதுவினைஞர், இதற்கெல்லாம் கடிதமா என்று வியந்தார். ஆனால் துரையின் கையொப்பம் வரும்வரை இருக்கச் சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்கு, ஓடைக்கரையில் தேயிலை இல்லாத ஒரு மூலை காட்டப்பட்டது.

குழியை வெட்ட லயத்திலிருந்து நால்வர் வந்தனர். நாம் அழைக்கவில்லை. கடையில் நின்ற அந்தத் தாயும் வந்து, தொலைபேசியில் மகனைக் கூப்பிட்டு, “டீக்கு போயிருச்சுடா” என்று சொன்னார். அவன் என்ன சொன்னானோ, அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

கம்பளிச் சட்டையோடு புதைக்கலாம் என்றோம். அம்மா குனிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தண்ணீரில் அலசி, அடுப்புக்கு மேலே கொடியில் விரித்தார். கிழிசல் இல்லாத பக்கத்தை வெட்டித் தம் முழங்காலுக்குச் சுற்றிக்கொண்டு அன்று படுத்தார்.